‘ஷில்லி-ஷல்லி’யும் சாய்ந்த மதிலும்

ஆங்கிலத்திலே ‘ஷில்லி-ஷல்லி’ என்றொரு சொல் உண்டு. எமது செவிக்கு அது மடியிற் கிடக்கும் சில்லறைக் காசின் ஓசைபோலக் கேட்கிறது. காசுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஒரு காரியத்தைச் செய்வதா விடுவதா என்று முடிவு காணாமற் காலங்கழிப்பவனின் போக்கைக் குறிக்கும் சொல் அது. ‘தயக்கம்’, ‘ஊசலாட்டம்’ என்று தமிழிற் பொருள் சொல்லிவிட்டு அப்பாற் போவது வழக்கம். அப்பொருள் போதாது என்பதும், போதாத பொருளை நெடுங்காலம் நம்பியிருந்தமையால் நாம் பெருநட்டம் அடைந்தோம் என்பதுமே இங்கு நாம் சொல்ல வந்தவை.

இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. ‘ஷல் ஐ? ஷல் ஐ?’, அதாவது ‘செய்யட்டுமா? செய்யட்டுமா?’ என்று தன்னைத்தானே இருமுறை கேட்பவனின் வாயிலிருந்து பிறந்தது அது. நாளடைவில் முதற் பாதி ‘ஷில்’ ஆகத் திரிந்து எதுகை பெற்றது. 1700ஆம் ஆண்டில் அரங்கேறிய கொங்கிரீவ் என்பாரின் ‘உலகத்தின் போக்கு’ என்ற நாடகத்திலே இச்சொல் பழைய உருவில் வருகிறது. நாட்டுப்புறக் கனவான் ஒருவர், தாம் அப்படித் தயங்கி நிற்கும் பேர்வழியல்லர், சொன்னாற் செய்பவர் என்று வீரம் பேசுகிறார். அடுத்த அங்கத்தில் தாம் மணம் பேச வந்த பெண்ணின் முன்னிலையில் வாய் திறக்க மாட்டாமல் விழிக்கிறார். சொன்னாற் செய்பவர் என்று மேடையில் முழங்குபவரை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில நாடகாசிரியர் நன்கு அறிந்திருக்கிறார்.

இச்சொல்லுக்குள் ஒரு சிரிப்பு உண்டு. கொடியவனை, வஞ்சகனை, வாக்குறுதியை மீறியவனை ஆங்கிலேயர் இச்சொல்லாற் சுட்டுவதில்லை. மனம் நல்லது, முதுகெலும்புதான் மெலிந்தது என்று ஒருவரைச் செல்லமாகக் கடிந்து விட்டுவிட எண்ணும்போதே இது நாவில் வரும். ஆகையால் இது வசையின் உடுப்பிலே வரும் மன்னிப்பு. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

தமிழிலே இதற்குப் பல நிலைகளை நாம் பிரித்துச் சொல்வோம். தயக்கம் என்பது இழிவன்று. வெட்கமும் விவேகமும் உடையவன் தயங்குவான். காத்திருத்தல் வேறு. வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டு, விலை ஏறட்டும் என்று இருக்கும் கமக்காரன் முடிவு செய்யாதவன் அல்லன். காத்திருப்பதென்று முடிவு செய்தவன். உரோமாபுரியின் ஃபேபியசும் அப்படித்தான். ஹனிபாலுடன் நேர்ப்போர் தவிர்த்துத் தாமதித்ததே அவனுடைய போர்முறை. வள்ளுவரும் வினைசெயல்வகை என்ற அதிகாரத்திலே, தாழ்த்தத் தக்கதைத் தாழ்த்தச் சொல்லி, தாழ்த்தத் தகாததைத் தாழ்த்தக் கூடாதென்று பிரித்தே பேசுகிறார். ஊசலாட்டம் என்பது இவற்றின் வேறானது. அதற்கும் எமது கிணற்றடியிலேயே உவமை உண்டு. துலா மேலுங் கீழுமாக ஆடுகிறது. துலா மிதிப்பவர் முன்னும் பின்னுமாக நடக்கிறார். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இருவரும் தீர்மானமற்றவர்களாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பட்டை நீர் வாய்க்காலிற் பாய்கிறது. ஆட்டம் இருந்து நீர் வராவிட்டாலே நாம் துலாவைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியொரு துலாவைப் பற்றிப் பேசுவோம்.

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவை ஆங்கிலம் கற்ற கொழும்பு மேன்மக்கள் அன்றும் பின்பும் ஊசலாடியவர் என்றே விவரித்து வந்தனர். நெஞ்சிலே தாராளம் நிறைந்தவர், ஒக்ஸ்போர்ட்டிற் படித்தவர், ஆனால் துணிவில்லாதவர் என்று அனுதாபத்தோடு தலையசைப்பர். அதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. 1926ஆம் ஆண்டு, இங்கிலாந்திற் கல்வி முடித்து வந்த இளைஞராக, சமஷ்டி அமைப்பே இலங்கைக்கு ஏற்றதென்று ஆங்கிலப் பத்திரிகையிலே கட்டுரைத் தொடர் எழுதியவர். யாழ்ப்பாணத்துக்கே வந்து அதனைப் பேசிச் சென்றவர். முப்பது ஆண்டுகள் கழித்துத் தனிச் சிங்களத்தின் பெயரால் ஆட்சி பிடித்தவரும் அவரே. 1957 யூலை 26ஆம் திகதி தந்தை செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்து, பிரதேச சபைகளுக்கு விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி முதலியவற்றிலே அதிகாரம் அளிக்க ஒப்புக்கொண்டவரும் அவரே. அவ்வொப்பந்தம் செய்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அதை மறுப்பது நன்றியன்று. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி அதனை ஒழித்தவரும் அவரே.

எட்டரை மாத இடைவெளியில் என்ன நடந்தது? ஒப்பந்தம் சட்டமாகவில்லை. 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா அதற்கெதிராகக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் ஆளுங்கட்சியினரே மறித்துத் திருப்பினர். பிரதமர் மேடைகளிலே ஒப்பந்தத்தை ஆதரித்தும் பேசினார். ஆனால் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து விதிக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்தைத் தாங்கிய பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டன. எமது இளைஞர் அதனை அழித்துத் தமிழெழுத்தை எழுதினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. முடிவிலே பிக்குகள் பெருங்கூட்டமாக ரொஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமரின் இல்லத்துப் புற்றரையில் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தம் ஒழிந்தது என்று பிரதமர் வாயாற் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுத்திலே தரும்படி கேட்டனர். எழுதியும் கொடுத்தார். மறு மாதம் நாடெங்கும் தமிழர் இரத்தம் சிந்தியது.

இதனை ‘ஷில்லி-ஷல்லி’ என்று சொல்லலாமா? மதில்மேற் பூனை என்று எம்மவர் சொல்வர். அப்பூனை எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது என்பதே அப்பழமொழியின் உயிர். சில வேளை அது இப்பக்கமும் விழும், சில வேளை அப்பக்கமும் விழும். ஆனால் ஒரு பூனை பத்துத் தடவை மதிலேறிப் பத்துத் தடவையும் ஒரே வளவுக்குள் விழுமானால், பூனையின் மனத்தை ஆராய்வதை விட்டுவிட்டு மதில் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. 1956 மே மாதத்திலே தனிச் சிங்களச் சட்டமூலத்திலே தமிழின் நியாயமான உபயோகத்துக்கு இடமளிக்கும் வாசகங்கள் சேர்க்கப்பட இருந்தன, பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் பாராளுமன்ற வளவில் உண்ணாவிரதம் இருந்தார், வாசகங்கள் மறைந்தன. 1958இல் ஒப்பந்தம் மறைந்தது. 1965 மார்ச் 24ஆம் திகதி டட்லி சேனநாயக்கா கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் மாவட்ட சபைகளும் 1968இல் வெள்ளை அறிக்கையோடு மறைந்தன. டட்லியையும் நல்ல மனிதர், தயங்குபவர் என்றே சொன்னார்கள்! இவ்வளவு நல்ல மனிதர்கள் இவ்வளவு தயங்கியும் ஒரு தடவையாயினும் எமது வளவுக்குள் தவறி விழவில்லை.

நாம் சட்டம் படித்தவர்கள். ஒருவனுடைய மனத்துள் இருந்ததை நீதிமன்று நேரே காண முடியாது. அவன் செய்கையிலிருந்தே ஊகிக்கும். ஆகவே ஒரு சிறு சோதனையை வாசகர் முன் வைக்கிறோம். முடிவெடுத்தவன் திகதி எழுதுவான்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றே பிரிவுகள். ஏப்ரலில் ஆட்சிக்கு வந்தவர்கள் யூன் 15ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 56க்கு 29 என்ற வாக்குகளால் அதனை நிறைவேற்றினர். யூலை 7ஆம் திகதி அது நாட்டின் சட்டம். உடனடியாக மாற முடியாத அலுவல்களுக்கும் எல்லை விதிக்கப்பட்டது: 1960 டிசம்பர் 31. அந்த நாளுக்கு மேல் ஒரு நாளும் இல்லை. இது தயங்குபவரின் கையெழுத்தா?

இனி 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை எடுங்கள். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஓகஸ்ட் மாதத்திலே நிறைவேறியது. கல்வியிலும், உத்தியோகப் பரீட்சைகளிலும், அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவதிலும், வடக்குக் கிழக்கு நிருவாகத்திலும் தமிழுக்கு இடமுண்டு என்றது. எவ்வாறு? ஒழுங்குவிதிகள் சொல்லும் என்றது. ஒழுங்குவிதிகள் எப்போது வரும்? அதற்குத் திகதி இல்லை. பண்டாரநாயக்கா 1959 செப்டெம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் மனைவியார் ஆட்சிக்கு வந்தார், 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே எமது மக்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டனர், ஒழுங்குவிதிகள் வரவில்லை. 1966 ஜனவரியிலேதான் வந்தன. ஏழு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும்! அன்றும் கொழும்பிலே எதிர்ப்பு ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, அவசரகால நிலை. ஒரே அரசாங்கத்தின் ஒரே எழுதுகோல், ஒரு சட்டத்திற்கு நாள் குறித்தது. மற்றதற்கு மை வற்றிப்போயிற்று.

தோட்டத்திலும் வயலிலும் நிற்கும் எமது வாசகர்களுக்குச் சட்டப் புத்தகத்திலும் கிட்டிய ஓர் உதாரணம் உண்டு. ஆட்சியுரிமைச் சட்டத்தை யாழ்ப்பாணத்தில் அறியாத கமக்காரன் இல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவன் இன்னொருவனுடைய காணியை, அவனுரிமையை ஏற்காது, இடையூறின்றிப் பத்தாண்டுகள் ஆண்டால் அது ஆண்டவனுக்கே உரித்தாகும். வேலியைத் தள்ளிப் போட்ட அயலவன் வாய்ச்சண்டைக்கு வரமாட்டான். ‘அளப்பிப்போம் அண்ணை, அவசரம் என்ன, மழை விடட்டும்’ என்பான். மழை விட்டதும் ‘புகையிலை வெட்டு முடியட்டும்’ என்பான். சித்திரையில் நாள் சரியில்லை என்பான். ஒருபோதும் மாட்டேன் என்று சொல்லமாட்டான். அவனை இழுத்தடிப்பவன் என்று நாம் ஏசிக்கொண்டிருக்க, பதினோராவது ஆண்டில் அவன் சட்டத்தரணியிடம் போவான். தயங்கியவன் யார்? அவனல்லன். வழக்கு வைப்பதா விடுவதா என்று வேலிக்கு இப்பால் நின்ற நாமே. (இச்சட்டம் முடிக்குரிய காணிகளுக்கெதிராகச் செல்லாது என்று சட்டத்தரணி நண்பர்கள் கடிதம் எழுதுமுன் நாமே அதனைச் சொல்லி விடுகிறோம். உவமையாகவே காட்டினோம்.)

உவமை வெகுதூரம் போகவுமில்லை. 1957இன் ஒப்பந்தத்திலே குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரியும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. சபைகள் பிறக்கவில்லை. திருகோணமலைக் கடற்படைத் தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பதவியாவிலே காணி கொடுக்க எண்ணியபோது, 1958இல் சிங்களத் தொழிலாளர் கூட்டமொன்று அங்கே சென்று நிலத்தைப் பிடித்துக் கொண்டது. அரசாங்கம் தயங்கிற்று என்று எழுதினார்கள். நிலம் தயங்கவில்லை, அது கைமாறிவிட்டது. காலம் ஒருவர் பக்கமே உழைக்கும்போது, முடிவெடாமை அவருக்கு முடிவெடுத்ததன் பயனை முழுவதும் கொடுக்கிறது. முடிவெடுத்ததன் பழியைக் கொடுப்பதில்லை. இதுவே ‘ஷில்லி-ஷல்லி’ என்ற சிரிப்புச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அரசியல்.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்வோர் உளர். அவர்களுக்காக அண்மைக் கதை ஒன்று.

1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் வந்தது. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்று அதன் அனுபந்தம் கூறுகிறது. அமைக்கப்படவில்லை. எதிர்த்தவர் எவரும் அதனை ஒழிக்கவுமில்லை. அமைக்கவே இல்லை, அவ்வளவுதான். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரிலே பதவிக்காலம் முடிந்தது. அதற்கு முன், 2017 செப்டெம்பரில், மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் திருத்தம் பாராளுமன்றத்தில் விரைந்து நிறைவேறியது. பெண்களுக்கு இடமொதுக்குவதற்கென்று கொண்டுவந்த சட்டமூலம், குழுநிலையிலே வேறோர் உருவம் பெற்றது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அதற்கு ஆதரவளித்தது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார்! கொங்கிரீவ் உயிரோடிருந்திருந்தால் இரண்டாவது நாடகம் எழுதியிருப்பார். பின்னர் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் அறிக்கை என்றனர், வரவில்லை. பழைய முறை போயிற்று, புதிய முறை பிறக்கவில்லை. அதன்பின் ஜனாதிபதிகள் மாறினர். 2025ஆம் ஆண்டு வரை தேர்தல் நடக்கவில்லை. கைதடியிலே சபா மண்டபம் இருக்க, மாகாணத்தை ஆளுநர் ஆண்டார்.

ஒருவரும் மாகாண சபையை ஒழித்தோம் என்று சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒழிப்பதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும், புதுடில்லிக்குப் பதில் சொல்ல வேண்டும், ஜெனீவாவிலே தலைகுனிய வேண்டும். தயங்குவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை.

இனி எமது வீட்டு முற்றத்தையும் கூட்டுவோம். பிறர் தயக்கத்தைத் தந்திரம் என்று காட்டிய நாம், எமது தயக்கத்துக்கு மாத்திரம் விவேகம் என்று பெயரிட முடியாது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலிலே தமிழரின் மூத்த கட்சியின் மத்திய குழு தென்னிலங்கை வேட்பாளர் ஒருவரை ஆதரிப்பதென்று தீர்மானித்தது. அதே கட்சியின் முக்கியஸ்தர்கள் சிலர் தமிழ்ப் பொது வேட்பாளரின் மேடையில் நின்றனர். அவ்விரண்டில் எதுவும் ஒரு கொள்கையாக நிற்கக் கூடியதே. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே கட்சியின் வாயிலிருந்து கேட்ட வாக்காளன் என்ன செய்வான்? நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தலிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றினைக் கொழும்பிலிருந்து வந்த ஆளுங்கட்சி பெற்றது. மூத்த கட்சிக்கு ஒன்று. மக்கள் கொள்கையை விட்டார்கள் என்று சிலர் அழுதனர். நாம் கிராமங்களிலே கூட்டங்கள் கூட்டித் திரிந்தவர்கள். அப்படி எமக்குத் தோன்றவில்லை. ‘நீங்கள் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கோ, பிறகு எங்களைக் கேளுங்கோ’ என்று வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் எம்முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சொன்னதிற் குற்றம் காண எம்மால் இயலவில்லை. சாய்ந்த மதில் பிறருடையது. எமது மதிலோ நிமிர்ந்தே நிற்கிறது, அதன்மேல் இருந்து இறங்க எமக்குத்தான் மனமில்லை. இரண்டு நிலைகளின் வேறுபாடு இதுவே. அதிகாரம் உள்ளவன் தயங்கினால் அவனுக்கு இலாபம். அதிகாரம் இல்லாதவன் தயங்கினால் அதுவும் அவனுக்கே, அதாவது அதிகாரம் உள்ளவனுக்கே, இலாபம்.

ஆகவே இரு வேலைகள் எம்முன் உள்ளன. முதலாவது கொழும்புக்குரியது. 2017 திருத்தத்தை நீக்கி, 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்தலாம் என்று சொல்லும் ஒரு சிறு சட்டமூலம் போதும். அது 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நீளமாயிருக்க வேண்டியதில்லை. ஆராய்கிறோம், குழு அமைக்கிறோம், பொருத்தமான காலத்தில் நடத்துவோம் என்ற பேச்செல்லாம் வேலியை அளப்பிக்கச் சம்மதித்த அயலவனின் பேச்சு.

இரண்டாவது எமக்குரியது. எமது ஊர்ச் சங்கங்களுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும், சட்டத்தரணிகளுக்கும், ஆசிரியர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: இனி எந்த அமைச்சர் கட்டடந் திறக்க வந்தாலும், எந்தக் கட்சி வாக்குக் கேட்டு வந்தாலும், எமது கட்சிகளாயினும், அதிகாரப் பகிர்வில் நம்பிக்கை உண்டா என்று கேளாதீர்கள். உண்டு என்றே சொல்வார்கள். எந்த நாளில் என்று கேளுங்கள். அன்று ரொஸ்மீட் பிளேசின் புற்றரையில் அமர்ந்த பிக்குகள் எமக்குத் தீங்கு செய்தார்கள். ஆயினும் கேட்கும் வகை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய்ச்சொல்லை ஏற்காமல், தாளையும் எழுதுகோலையும் எடுக்கச் சொல்லி, எழுதி முடியுமட்டும் எழுந்து போகாமல் இருந்தார்கள்.